சிறையிலிருந்து நீலகிரிக்குத் திரும்புகிறவர்களுக்கு: முதல் நாள் முதல் நிலையான வேலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நான் கோவை மத்திய சிறையில் 6 ஆண்டு இருந்துவிட்டு, கோத்தகிரிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குத் திரும்பியவன். வேலித் தகராறில், குடிபோதையில், பக்கத்துத் தோட்டக்காரரை வெட்டிவிட்டேன். அவர் பிழைத்துக்கொண்டார். இப்போது தேயிலைக் கவாத்து (செடியை வெட்டி இறக்கும் வேலை) எடுக்கும் எட்டுப் பேருக்கு மேஸ்திரியாக இருக்கிறேன்.

என்னைப் போலத் திரும்பி வந்த பலரோடு ஆதார் மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் தோட்டக்காரர்கள் வீட்டுக்கும் துணைக்குப் போயிருக்கிறேன். உழைக்க மனமில்லாமல் தடுமாறியவர்கள் குறைவு. மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்து தடுமாறியவர்களே அதிகம். அதனால் கீழே உள்ள எண்களை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். திருப்பூரிலோ சென்னையிலோ பெயர் தெரியாத ஒரு தெருவில் போய் ஒதுங்கிக்கொள்ளலாம். இங்கே மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே யாராவது பார்த்துவிடுவார்கள். நீங்கள் மேலே வந்து இறங்குவதற்குள் சேதி ஊருக்குப் போயிருக்கும். இதில் உள்ள பல யோசனைகள் அந்த ஒரு காரணத்தால் பிறந்தவை.

1. வாசலைத் தாண்டும் முன் கையில் வாங்க வேண்டியவை

வீட்டார் இதைப் படித்தால், அடுத்த மனுவுக்கு (சிறையில் நேரில் பார்ப்பதற்கு) போகும்போது உள்ளே இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். வெளியே வந்தபின் ஒரு காகிதத்துக்காகக் கோவைக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும்.

முதலாவது, விடுதலைச் சான்று. பெயர், தகப்பனார் பெயர், வழக்கு எண், விடுதலைத் தேதி எல்லாம் சரியா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் சான்றில் ஒரு மாதிரியும் பெயர் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே பல நாள் அலைய வேண்டிவரும்.

இரண்டாவது, தீர்ப்பு நகல். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பலர் அதை வக்கீல் ஆபீசிலேயே விட்டுவிடுகிறார்கள். ஊர்ப் பேச்சில் அடிதடி வழக்கு ஆறே மாதத்தில் கொலை வழக்காகிவிடும். எந்தப் பிரிவு, எத்தனை வருடம் என்று அடித்துச் சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

மூன்றாவது, அபராதம் கட்டிய ரசீது. கட்டாத அபராதத்துக்குக் கூடுதல் சிறை உண்டு. அது தீர்ந்ததா இல்லையா என்பதை வாய்வார்த்தையில் நம்பாதீர்கள்.

அப்புறம், உள்ளே செய்த வேலைக்குச் சேர்ந்த கூலிக் கணக்கு, கைதானபோது ஒப்படைத்த பொருட்கள், சிறை மருத்துவமனைச் சீட்டு, பேக்கரி, நெசவு, தையல் பயின்ற சான்றிதழ்கள். ஊர் போய்ச் சேர வழிச்செலவுப் பணம் தருவார்கள், தயங்காமல் கேளுங்கள்.

2. உங்கள் விடுதலை எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா விடுதலையும் ஒன்றல்ல. தண்டனை முழுதும் முடிந்து வந்தவருக்கு, தீர்ப்பில் தனியாக ஏதும் உத்தரவு இல்லாவிட்டால், அந்த வழக்கில் இனிக் கடமை ஏதும் இல்லை.

மேல்முறையீடு நடக்கும்போது தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீனில் வந்திருந்தால், வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. எங்கே தங்க வேண்டும், எப்போது கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் ஜாமீன் உத்தரவில் இருக்கும். மேல்முறையீடு தள்ளுபடியானால் மீதித் தண்டனைக்குத் திரும்பப் போக வேண்டும். இதை "எல்லாம் முடிந்தது" என்று நினைத்து, வக்கீலின் போன் நம்பரைக்கூட வைத்துக்கொள்ளாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கட்டட வேலையில் சாரத்தின் மேல் நின்றிருந்தபோது வாரண்டோடு ஆள் வந்தது.

அரசு முன்விடுதலை கொடுத்திருந்தால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. மீறினால் அதை ரத்து செய்யலாம். அந்த உத்தரவைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது வகைக்காரர் பலருக்குத் தங்கள் உரிமையே தெரியாது. குற்றவாளி என்று தீர்ப்பாகியும், சிறைக்கு அனுப்பாமல் 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3 அல்லது 4ஆம் பிரிவில் நீதிமன்றம் விட்டிருந்தால், அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு எதுவும் உங்களைத் தொடாது. 12ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அரசு வேலைக்கு முயற்சி செய்யும் இளைஞர்களுக்கு இது பெரிய விஷயம்.

மேல்முறையீடே செய்யாமல் இருந்தால், அமர்வு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள், மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து அமர்வு நீதிமன்றம் போக 30 நாள். கடந்துவிட்டாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப் போட வழி உண்டு. வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் ஊட்டி நீதிமன்றத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும்.

3. முதல் ராத்திரி எங்கே என்று முன்பே முடிவு செய்யுங்கள்

பகலில் மலை ஏறுங்கள். நான் கடைசி பஸ்ஸில் வந்தேன், மார்கழி மாதம், மெல்லிய சட்டையோடு. கோவை வெயிலுக்குப் பழகிய உடம்பு அந்தக் குளிரைத் தாங்கவில்லை. நடுங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்த முதல் ஆள் குடிக்கக் கூப்பிட்டார். மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஒரு பழைய ஸ்வெட்டராவது வாங்கிப் போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேருங்கள்.

பாதிக்கப்பட்டவரின் வீடு பக்கத்தில் இருந்தால், சொந்த வீடே ஆனாலும் முதல் சில மாதம் அங்கே போகாதீர்கள். உங்களுக்குத் தண்டனை முடிந்துவிட்டது. அவர்களுக்கு வலி முடிந்திருக்காது. அவர்கள் தினமும் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி செய்வது சரியில்லை. ஒரு சின்ன வாய்த்தகராறு வந்தாலும் காவல் நிலையத்தில் உங்கள் பேச்சு எடுபடாது. நான் கட்டபெட்டில் இருக்கும் அக்கா வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். மன்னிப்புக் கேட்கவும் அவசரப்பட்டு ஓடாதீர்கள். இரண்டு பக்கமும் மதிக்கும் ஒரு பெரியவர் மூலம் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் போங்கள்.

தங்க இடமே இல்லாதவர்கள் சிறையிலிருந்து கிளம்பும் முன்பே நன்னடத்தை அலுவலரிடம் சொல்ல வேண்டும். விடுதலையானவர்களுக்கு உதவும் சங்கம் வழியாகவும் கேட்கலாம். பெண்களுக்கு இந்தப் படி ஆண்களைவிடக் கடினம். சிறை சென்ற ஆணை ஏற்கும் வீடு, பெண்ணை ஏற்கத் தயங்குகிறது. வீட்டுக்கு வராதே என்று சொல்லப்பட்ட பெண்கள் 181 உதவி எண்ணில் பேசித் தங்குமிடம் கேட்கலாம்.

4. காகிதங்கள்: ஆதார் முதலில், மற்றதெல்லாம் பிறகு

வேலை தேடுவதற்கு முன் இதை முடியுங்கள். வங்கிக் கணக்கு இல்லை, போன் இல்லை என்றால் கூலியை இன்னொருவர் கணக்கில் வாங்க வேண்டியிருக்கும். அங்கேதான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது.

எல்லோரும் மாட்டுகிற சிக்கல் இது. புது சிம் வாங்கப் பெரும்பாலும் ஆதார் கேட்பார்கள். தொலைந்த ஆதாரை ஆன்லைனில் எடுக்கப் பழைய போன் நம்பருக்கு ஓடிபி வரும். அந்த நம்பர் பல மாதம் ரீசார்ஜ் இல்லாமல் செத்து, இந்நேரம் வேறு யார் கையிலோ இருக்கும். இந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி, நேராக ஆதார் சேவை மையத்துக்குப் போய்க் கைரேகை வைப்பதுதான். நம்பர் நினைவில்லை என்றாலும் ரேகையை வைத்து எடுத்துவிடலாம். தறி ஓட்டியோ மண்வெட்டி பிடித்தோ ரேகை தேய்ந்திருந்தால் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் அப்படியே வந்துவிடாதீர்கள்.

ஆதார் கையில் வந்ததும் சிம். சிம் வந்ததும் திரும்ப அதே மையத்துக்குப் போய்ப் புது நம்பரை ஆதாரில் இணையுங்கள். அதற்கு வேறு ஆவணம் கேட்க மாட்டார்கள், ரேகை போதும். இந்த இரண்டாவது நடையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு இ-சேவை மையத்திலும் ஓடிபி வராமல் நிற்கிறார்கள்.

அடுத்தது வங்கி. இரண்டு ஆண்டுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். ஆதாரும் போட்டோவும் கொடுத்தால் உயிர்ப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. பத்து ஆண்டுக்கு மேல் கிடந்த பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருந்தாலும் அதே வங்கியில் கேட்டு வாங்கலாம். முன்பு எஸ்டேட்டிலோ ஃபேக்டரியிலோ வேலை செய்தவர்கள் பழைய பி.எஃப். கணக்கையும் தேடுங்கள். தண்டனை ஆகிவிட்டது என்பதற்காக அந்தப் பணத்தை யாரும் பிடித்துக்கொள்ள முடியாது.

பிறகு ரேஷன் கார்டு. நீங்கள் உள்ளே இருந்த காலத்தில் பெயரை நீக்கியிருக்கலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் திரும்பச் சேருங்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கும் இதுதான் அடிப்படை. அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வேண்டும்.

கடைசியாக வாக்காளர் அட்டை. ஒருமுறை தண்டனை பெற்றால் ஓட்டே கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். சிறைக்குள் இருக்கும்போது ஓட்டுப் போட முடியாது. வெளியே வந்துவிட்டால் படிவம் 6 கொடுத்துப் பெயர் சேர்க்கலாம். 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலைக்குப் பின் 6 ஆண்டு சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது என்பது வேறு விதி. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் தேதியைப் பாருங்கள். காலாவதியாகி ஓராண்டு தாண்டியிருந்தால் திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டும்.

5. காவல் நிலையத்தோடு எப்படி இருப்பது

கையெழுத்து நிபந்தனை இருந்தால் ஒரு நாளும் தவறக் கூடாது. நிபந்தனை இல்லாவிட்டாலும், முதல் வாரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகலில் போய், எங்கே தங்கியிருக்கிறேன், இது என் நம்பர் என்று சொல்லிவிட்டு வருவது நல்லது. சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அடுத்த மாதம் எங்காவது மோட்டார் காணாமல் போனால் உங்களைத் தேடி லைன் வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட, போனில் கூப்பிடுவது மேல். பிள்ளைகள் முன்னால் நடக்கும் அந்தத் தட்டலைத் தவிர்க்கத்தான் இந்த நடை.

உத்தரவு எதுவும் இல்லாமல் தினமும் வா என்று சொன்னால், மரியாதையாக "எழுத்துல குடுங்க சார், கண்டிப்பா வரேன்" என்று கேளுங்கள். கொடுக்காமல் தொடர்ந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு எழுதிக் கொடுங்கள். குரலை உயர்த்தாதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, எந்தத் தோட்டம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மேஸ்திரி கையெழுத்து. தினமும் எழுதுங்கள். ஒருமுறை குன்னூர்ப் பக்கம் நடந்த ஒரு திருட்டுக்காக என்னை விசாரித்தார்கள். அந்த நாளுக்கான பக்கத்தைத் திறந்து காட்டினேன். மேஸ்திரிக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொண்டு அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மழையில் நனைந்து ஓரமெல்லாம் பழுத்துவிட்டது.

6. மூடியிருக்கும் கதவுகளைத் தெரிந்துகொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள்

திரும்பி வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்கும் வேலை, ரிசார்ட்டிலோ காட்டேஜிலோ வாட்ச்மேன். படிப்பு வேண்டாம், தங்க இடமும் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். ஆனால் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், தண்டனை பெற்றவரைக் காவலாளியாக வைக்கக் கூடாது என்கிறது. மறைத்துச் சேர்ந்தாலும், போலீஸ் சரிபார்ப்பு வந்த அன்று சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

அரசு வேலைக்கான படிவத்தில் வழக்கு, தண்டனை பற்றிக் கேட்பார்கள். அங்கே மறைப்பதே தனியாக வேலை போகக் காரணமாகும். உச்ச நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. சின்ன வழக்காக இருந்து உண்மையைச் சொன்னால் அதிகாரி பரிசீலிக்க இடமாவது உண்டு. 18 வயதுக்குள் நடந்த குற்றத்துக்கு, பெரியவராகக் கருதி விசாரித்த வழக்காக இல்லாவிட்டால், இளைஞர் நீதிச் சட்டம் தகுதியிழப்பை நீக்குகிறது.

வெளிநாட்டு வேலை என்று சொல்லி பாஸ்போர்ட்டுக்கு முன்பணம் கேட்கும் ஏஜென்டுகளிடம் போகாதீர்கள். ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுக்குள் அந்தத் தீர்ப்பு வந்திருக்கும்பட்சத்தில் பாஸ்போர்ட் மறுக்கப்படும்.

குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் பள்ளி, ஹாஸ்டல், பள்ளி வேன் பக்கமே போகக் கூடாது. ஊட்டியிலும் குன்னூரிலும் விடுதிப் பள்ளிகள் நிறைய. தோட்ட வேலை என்றாலும் அங்கே வேண்டாம்.

இவை தவிர, தனியாரிடம் வேலை செய்ய உங்களைத் தடுக்கும் பொதுவான சட்டம் இல்லை. வக்கீலுக்குக் காசு கொடுத்தால் பதிவை அழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்டனை பெற்றவரின் பதிவை அழிக்கும் பொதுச் சட்டமும் இங்கே இல்லை.

7. முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பது

முதல் வேலையில் பார்க்க வேண்டியது கூலியை அல்ல. நீங்கள் தினமும் நேரத்துக்கு வருகிறவர் என்று உங்களுக்காகச் சொல்ல ஒரு ஆள் அந்த வேலையில் கிடைப்பாரா என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்து அந்த ஒரு வாய்ச்சொல்தான் அடுத்த கதவைத் திறக்கும். அதனால் நாளுக்கு ஒரு முதலாளியாக மாறும் வேலையைவிட, ஐம்பது ரூபாய் குறைந்தாலும் ஒரே ஆளிடம் செய்யும் வேலை நல்லது.

கேரட் வேலை சுலபமாகக் கிடைக்கும். ஊட்டி, கேத்திப் பக்கம் அறுவடைக்கு ராத்திரியே பிக்கப்பில் ஆள் ஏற்றுவார்கள். விடிவதற்குள் பிடுங்கிக் கழுவி மூட்டை பிடித்தால்தான் லாரி நேரத்துக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். கையில் உடனே காசு வரும். ஆனால் தூக்கம் கெடும், கூட்டத்தில் குடி இருக்கும், காட்டெருமையும் கரடியும் நடமாடும் நேரம் அது. கைச்செலவுக்கு ஒரு மாதம் போகலாம். அதிலேயே தங்கிவிட வேண்டாம்.

சிறுதோட்டங்களில் கொழுந்து பறிப்பு கிலோக் கணக்கு. மழை பெய்து கொழுந்து வரத்து நன்றாக இருக்கும்போது சேருங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து இலை கருகினால் புது ஆளைத்தான் முதலில் நிறுத்துவார்கள். ஹோட்டல், லாட்ஜ் வேலையும் அப்படியே. ஏப்ரல், மே சீசனுக்கு எடுத்து ஜூனில் அனுப்பிவிடுவார்கள். அப்போது உங்கள் வழக்குதான் காரணம் என்று மனம் உடைந்துபோகாதீர்கள். உங்களோடு சேர்ந்த மற்றவர்களையும் அனுப்பியிருப்பார்கள்.

நான் அதிகம் பரிந்துரைப்பது இரண்டு. ஒன்று, கவாத்து. தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி இறக்க வேண்டும். வெட்டு சாய்வாக, பிளக்காமல் விழ வேண்டும். பிளந்தால் தண்ணீர் இறங்கித் தண்டு அழுகும். பழக ஒரு வருடம் ஆகும். பழகிய ஆளுக்குத் தோட்டக்காரர்களே போன் செய்வார்கள். இரண்டு, சிறையில் பேக்கரி பயின்றவர்களுக்கு வர்க்கி (ஊட்டியில் பேர்போன மொறுமொறு பிஸ்கட்) சுடும் அடுப்பு. ராத்திரி வேலை, அடுப்பு முன்னால் மூன்று நான்கு பேர்தான். கல்லாவில் நிற்க வேண்டாம், வாடிக்கையாளர் முகம் பார்க்க வேண்டாம். முதல் வருடத்துக்கு அந்த மறைவு பலருக்கு நிம்மதி தருகிறது.

ஊட்டியில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் பதிவு இருந்தால், 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அங்கு நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் இளைஞர்களுக்குப் பயன்படும்.

8. முதலாளியிடம் சொல்வது

சறுக்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். முதலில் சேர்ந்த கேரட் கழுவும் இடத்தில் "இத்தனை வருஷம் எங்கப்பா இருந்தே?" என்று கேட்டபோது திருப்பூரில் பனியன் கம்பெனி என்றேன். நான்காம் நாள் லோடு ஏற்ற வந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முதலாளி கூப்பிட்டு நான்கு நாள் கூலியையும் முழுசாகக் கொடுத்தார். "ஜெயிலுக்குப் போனதுக்கு இல்லப்பா, பொய் சொன்னியே" என்றார். திருப்பிச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அதன்பின் நான் கற்ற முறை இது. வேலை பேசப் போகும் முதல் நாளே, கூலி பேசுவதற்கு முன்பு, அவர் தனியாக இருக்கும்போது நீங்களாகவே சொல்லுங்கள். கூலி பேசி முடித்தபின் சொன்னால் ஏமாற்றியது போல ஆகிவிடும். பத்துப் பேர் முன்னால் சொன்னால், உங்களை எடுக்க மனம் இருந்தாலும் அவரால் முடியாது.

நான்கைந்து வாக்கியம் போதும். நான் சொன்னது இது: "ஐயா, கூலி பேசறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். வெட்டுக் கேசுல ஆறு வருஷம் ஜெயில்ல இருந்தேன். தண்டனை முடிஞ்சுது, பேப்பர் கையில இருக்கு. இப்ப குடிக்கிறதில்ல. கவாத்து வேலை தெரியும்."

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இதுதான் கஷ்டம். அமைதி தாங்காமல் பலர் முழுக் கதையையும் கொட்டுகிறார்கள்: எதிராளி செய்தது, வக்கீல் கைவிட்டது, சாட்சி பொய் சொன்னது. கேட்பவருக்கு அதெல்லாம் பழியை வேறு யார் மேலோ போடுவதாகத்தான் கேட்கும்.

அந்தத் தோட்டக்காரர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். கதவைச் சாத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் கவாத்துக் கத்தி இருந்தது. பிடியை என் பக்கம் திருப்பி நீட்டி, "கூர் பாத்துக்கோ. நாளைக்கு ஏழரைக்கு வந்துடு" என்றார். அதை வாங்கும்போது என் கை நடுங்கியது. அவர் பார்த்தார், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்கு முன் ஐந்து பேர் முடியாது என்றிருந்தார்கள். நீங்களும் ஐந்தாறு வீடு ஏற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். முடியாது என்றவரிடம் "சரிங்க ஐயா, ஆள் தேவைப்பட்டா சொல்லுங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த ஐந்து பேரில் இருவர் பிற்பாடு என்னைக் கூப்பிட்டார்கள்.

திருட்டு, பண மோசடி வழக்கில் இருந்தவர்கள் இன்னொரு வாக்கியம் சேர்க்க வேண்டும்: "காசு, சாவி இருக்கற வேலை வேண்டாங்க, வெளி வேலை குடுங்க." அவர் மனதில் ஓடும் பயத்தை நீங்களே எடுத்துச் சொல்லிவிட்டால் அவருக்கு முடிவெடுப்பது சுலபம்.

முதலாளியிடம் சொன்னால் போதும். கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால் "ஆமா, இருந்தேன்" என்று சொல்லி வேலையைப் பாருங்கள். எல்லோருக்கும் கதை சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. சிறையைப் பற்றி வீரம் பேசுவது மட்டும் கூடவே கூடாது.

9. கூலி, கடன்

முன்பணம் வாங்காதீர்கள். முன்பணம் வாங்கியவரால் கெட்ட மேஸ்திரியை விட்டு விலக முடியாது; விலகினால் "ஜெயிலுக்குப் போனவன் காசைத் தூக்கிட்டு ஓடிட்டான்" என்று பேச்சு வரும். வாரக் கூலியாகக் கேளுங்கள், முடிந்தால் கணக்கில் போடச் சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் கையில் ரொக்கமாக வாங்கிய கூலி, டாஸ்மாக்கைத் தாண்டி வீடு போவது கடினம்.

உங்கள் வழக்குச் செலவுக்காக வீட்டம்மா மகளிர் குழுவிலும் வாரத் தவணைக்காரர்களிடமும் வாங்கிய கடன் இருக்கும். முதல் மூன்று மாதம் சேமிப்பைப் பற்றி யோசிக்காமல் அந்தத் தவணையைக் கட்டுங்கள். அவர் பெயரில் புதுக் கடன் எடுக்கச் சொல்லாதீர்கள்.

10. உடம்பும் மனதும்

சிறையில் காசநோய் மருந்து ஆரம்பித்திருந்தால் ஒரு நாளும் விடாதீர்கள். இங்குள்ள அரசு மருத்துவமனையில் சீட்டைக் காட்டினால் இலவசமாகத் தொடர்வார்கள். நடுவில் விட்டால் அடுத்த முறை அதே மருந்து கேட்காமல் போகலாம்.

தூக்கம் வராது. விளக்கை அணைத்தால் பயமாக இருக்கும், கூட்டத்தில் மூச்சு முட்டும். எனக்கு ஆறு மாதம் அப்படி இருந்தது. வார்டில் எண்ணிக்கை எடுக்கும் நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன். 14416 என்ற எண்ணில் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். நான் பேசினேன், உதவியாக இருந்தது.

குடித்துவிட்டுக் குற்றம் செய்தவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். கொஞ்சமாகக் குடிக்கலாம் என்ற பேச்சே வேண்டாம். நிறுத்த முடியவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய் மருந்து கேளுங்கள்.

11. வீட்டுக்குள் மெல்ல நுழையுங்கள்

நான் வீடு திரும்பிய முதல் வாரம், மகளின் பள்ளிக் கட்டணம், காஸ் புக்கிங், வாடகை எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். எதுவும் சரியாக நடக்கவில்லை. 6 ஆண்டு அந்த வீட்டைத் தனியாக நடத்தியவர் என் மனைவி. எந்தக் கடையில் கணக்கு, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பொறுப்பைப் பிடுங்காதீர்கள். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த முதல் வேலை, விடியற்காலையில் விறகு பிளந்து வெந்நீர் வைப்பது. மகள் என்னோடு பேச ஆரம்பித்ததே அந்த அடுப்படியில்தான், வெந்நீர் சூடாகிவிட்டதா என்று கேட்க வந்தபோது.

பிள்ளைகளிடம் வெளிநாடு போயிருந்தேன் என்று கதை கட்டியிருந்தால், பள்ளியில் வேறு யாரும் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். முதலாளி விஷயத்தில் சொன்ன அதே காரணம்தான்.

12. ஓராண்டுக்குப் பிறகு

ஒரே இடத்தில் ஒரு வருடம் ஓடியபின் முதலாளியிடம் ஒரு கடிதம் கேளுங்கள். எந்தத் தேதி முதல், என்ன வேலை, நடத்தை எப்படி என்று நான்கு வரி போதும். விடுதலைச் சான்றுக்குப் பின்னால் அதை வைத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். எனக்கு வாடகை வீடு கிடைத்தது அந்த நான்கு வரியால்.

சொந்தமாக டீக்கடையோ பலகாரக் கடையோ வைக்க நினைத்தால் இப்போது யோசிக்கலாம், அதற்கு முன் வேண்டாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிட்டுத் திறங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை. பிளாஸ்டிக் கப் வைத்திருந்தாலே அபராதம். மற்றவருக்கு அது அபராதத்தோடு போகும், உங்கள் பெயரோடு சேர்ந்தால் பேச்சாகும். மாவட்டத் தொழில் மையத்தில் கடன் திட்டங்களைப் பற்றி விசாரியுங்கள். சிறையில் வாங்கிய தொழில் சான்றிதழையும் கையோடு கொண்டுபோங்கள்.

பாஸ்போர்ட் தேவைப்படுகிறவர்கள், 5 ஆண்டுக் கணக்கை விடுதலை நாளிலிருந்து போடாமல் தீர்ப்பு நாளிலிருந்து போடுங்கள். நீண்ட தண்டனை முடிந்து வந்தவருக்கு அந்தக் காலம் உள்ளேயே கழிந்திருக்கலாம். படிவத்தில் தண்டனை பற்றிய கேள்விக்கு ஆம் என்றே எழுதி, தீர்ப்பு நகலின் ஜெராக்ஸையும் விடுதலைச் சான்றின் ஜெராக்ஸையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.